முகாம்: நின்ற இடத்தின் பெயர்

முல்லைத்தீவில் பேச்சில் வருவது ‘ஆமிக்காம்ப்’. எழுதும்போது அது ‘இராணுவ முகாம்’ ஆகிவிடும். இராணுவம் தெலுங்கு வழியாக வந்த சொல். முகாம் அதைவிடத் தூரத்துச் சொல். அரபியில் பிறந்து பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து தமிழுக்கு வந்தது.

அரபியில் ‘மகாம்’ என்றால் நிற்கும் இடம். மக்காவில் கஅபாவுக்கு அருகே இப்றாஹீம் நபி நின்ற இடத்தை முஸ்லிம்கள் ‘மகாமு இப்றாஹீம்’ என்பார்கள். அதே சொல் பயணிகளோடும் படைகளோடும் கிழக்கே வந்தபோது, வழியில் இறங்கித் தங்கும் இடத்தைக் குறித்தது. தங்கிவிட்டுப் போவது என்ற பொருள் அதன் எலும்பிலேயே இருக்கிறது. இரத்ததான முகாம் காலையில் கூடி மாலையில் கலைந்துவிடும். அதற்கும் முகாம் என்றே பெயர்.

தமிழின் பழைய சொல்லான பாசறையும் இப்படித்தான். முல்லைப்பாட்டில் காட்டை வெட்டி அமைத்த பாசறை ஒன்று விரிவாக வருகிறது. காவலர் உண்டு, நாழிகை பார்த்துச் சொல்பவர் உண்டு. ஆனால் பாட்டின் உயிர் வீட்டில் காத்திருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. போர் முடிந்தால் பாசறை கலையும், போனவன் திரும்புவான் என்பதே அவளுடைய நம்பிக்கை.

‘பாளையம்’ என்ற சொல்லின் கதை இன்னும் வளமானது. அதுவும் படை இறங்கிய இடம்தான். தமிழ் வேதாகமத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் இறங்கிய இடங்களும் பாளையங்களே. நாயக்கர் காலத்தில் அச்சொல் ஆட்சிப் பிரிவின் பெயராயிற்று. மதுரையில் 72 பாளையங்கள் என்பது வழக்கு. பிறகு படை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கியது. மேட்டுப்பாளையத்திலும் இராஜபாளையத்திலும் இன்று சனம் குடியிருக்கிறது, சந்தை கூடுகிறது. அங்கே படையின் பெயர் ஊரின் பெயராயிற்று.

வன்னியில் நடந்தது இதற்கு நேர்மாறு. நந்திக்கடல் ஓரத்தில் கேப்பாப்புலவு என்றொரு ஊர். ‘கேப்பாப்பிலவு’ என்றும் எழுதுகிறார்கள். புலவு என்றால் புலம், விளைநிலம் நினைவுக்கு வரும். பிலவு என்றால் பலாமரம். பக்கத்திலேயே பிலக்குடியிருப்பு இருப்பதால் எனக்கு மனம் பலா மரத்தின் பக்கமே சாய்கிறது. எதுவானாலும் உழுதவரோ மரம் நட்டவரோ வைத்த பெயர் அது. 2009இல் போர் முடிந்த பிறகு அந்த ஊர் முல்லைத்தீவு பாதுகாப்புப் படைத் தலைமையகம் ஆயிற்று. போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, ஊர்ச்சனத்துக்குச் சொந்தக் காணி கிடைக்கவில்லை. சூரிபுரத்தில் குடியேற்றினார்கள். அந்தக் குடியேற்றத்துக்கு வைத்த பெயர் ‘கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம்’. மண் ஓரிடத்தில், பெயர் இன்னோரிடத்தில்.

மெனிக் பாமும் முகாம்தான், ‘நலன்புரி’ என்ற அடைமொழியோடு. ஒரே சொல் முள்வேலிக்குள் சனம் இருந்த இடத்தையும் வேலி போட்டவர் இருந்த இடத்தையும் குறித்த காலம் அது.

2017 ஜனவரி 31 அன்று பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் குந்தியது. பெரும்பாலும் பெண்கள், மடியில் பிள்ளைகள். ஒரு மாதத்தில், மார்ச் 1 அன்று, காணி திரும்பியது. அன்றே கேப்பாப்புலவுச் சனமும் தங்கள் காணிக்காக உட்கார்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதோடு போராட்டம் முடியவில்லை.

இதற்கிடையே, இலங்கைத் தரைப்படையைச் சீரமைக்கப்போவதாக அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது. 200,783 என்ற அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பது திட்டம். தொழில்நுட்பத்தில் தேர்ந்த, அளவான படை வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். பொருளாதாரம் நொறுங்கிய நாட்டில் அது அவசியமான முடிவு. நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் இந்த எண்களெல்லாம் ஆள்கணக்கு. முகாம் வாசலில் குந்திய சனம் கேட்டது காணிக்கணக்கு. ஆளைக் குறைத்துவிட்டு வேலியை அப்படியே விட்டால், இங்குள்ளவர்களுக்கு அது சீர்திருத்தமாகத் தெரியாது.

2012க்குப் பிறகு சூரிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு கேப்பாப்புலவு என்றால் அந்த மாதிரிக் கிராமத்து வீடுதான். தாய்க்கோ அது நந்திக்கடல் ஓரத்து வளவு. ஒரே வீட்டில் ஒரே பெயரைச் சொல்லி, இருவரும் வேறு வேறு திசையைக் காட்டுகிறார்கள்.