பென்னிகுவிக் அணையும் ஓஆர்எஸ் பாக்கெட்டும்

1/ தேனிப் பக்கம் கடைக்குக் கடை பென்னிகுவிக் படம் இருக்கும். பிள்ளைக்கு அவர் பேர் வைக்கிறவங்களும் உண்டு. ஆனா அணைக்கு வடக்கே இருக்கிற கல்லறைகளைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்ல.

2/ 1887 முதல் 1895 வரை நடந்த முல்லைப் பெரியாறு வேலையில் நோயால மட்டும் இறந்தவங்க 483 பேர். மலேரியாவோட காலராவும் அந்தக் காட்டு முகாம்களைத் தாக்கியது.

3/ இத்தனைக்கும் ராபர்ட் காக் 1884-லேயே கல்கத்தாவில் காலராக் கிருமியைக் குளத்துத் தண்ணியில பார்த்துட்டார். கிருமி தெரிஞ்சது, பேதியாகிற ஆளைப் பிழைக்க வைக்கிற எளிய வழி தெரியல. உயிரை எடுக்கிறது, உடம்பு இழக்கிற தண்ணியும் உப்பும்தான்.

4/ 1971, வங்கதேசப் போர். பன்காவ் அகதிகள் முகாமில் டிரிப்ஸ் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூணையும் தண்ணியில் கலந்து குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமா இருந்த இறப்பு 4-க்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸ் உப்பை உள்ளே கூட்டிட்டுப் போகும். உப்புக்குப் பின்னாடியே தண்ணியும் போகும்.

5/ அதுதான் ஓஆர்எஸ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். "வெறும் உப்புத்தண்ணி எதுக்கு, டிரிப்ஸ் போடுங்க சார்"னு கேட்காதீங்க. பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணியில் கலக்குங்க. 24 மணி நேரத்துக்குள் குடிச்சு முடிங்க. குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. டாக்டர் தர்ற சிங்க் மாத்திரையை 14 நாளும் நிறுத்தாம கொடுங்க. குடிக்க முடியல, கண்ணு உள்ளே போயிருக்கு, சிறுநீர் வரல, ரத்தமா போகுதுன்னா உடனே ஆஸ்பத்திரி.

6/ அவங்க கட்டின அணைத் தண்ணியைத்தான் நாம குடிக்கிறோம். காய்ச்சிக் குடிப்போம். கழிப்பறை போய் வந்தா சோப்பு போட்டுக் கை கழுவுவோம்.