கடற்கரை நண்டிலிருந்து நைட் ஷிப்ட் வரை: தமிழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வு

எமரிட்டா ஏசியாடிகா என்பது அலை வந்து திரும்பும் ஈர மணலில் புதைந்து வாழும் சிறு நண்டு. பின்வாங்கும் நீரில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து இரையைப் பிடித்துக்கொள்ளும். கடலிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத் தொட்டியில் விட்டால் அதற்கு அலையும் இல்லை, ஓதமும் இல்லை. ஆனாலும் அதன் சுறுசுறுப்பும் ஆக்ஸிஜன் நுகர்வும் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓதம் ஏறி இறங்கும் அதே கணக்கில், கூடிக் குறைந்தன. இதோடு பகல் இரவுச் சுழற்சியும் தொடர்ந்தது. மா.கி. சந்திரசேகரன் இந்த முடிவுகளை 1965இல் ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைத் தமிழகத்தில் ஓர் ஆய்வுத் துறையாகவே வளர்த்தவர் அவர்தான்.

அன்று உலகம் முழுவதும் இந்தத் துறை இளமையாகவே இருந்தது. தொட்டாற்சிணுங்கி இருட்டிலும் நேரம் தவறாமல் இலைகளை மூடித் திறப்பதைப் பிரான்சில் தெ மெராங் 1729இலேயே கவனித்திருந்தார். என்றாலும் அதை உள்ளிருந்து இயங்கும் கடிகாரம் என்று அறிவியல் உலகம் ஒப்புக்கொள்ள இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தக் கருத்துக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் எர்வின் பூனிங். ஜெர்மனியின் டூபிங்கனில் இருந்த அவரது ஆய்வகத்துக்குச் சந்திரசேகரன் சென்றார். வொல்ஃப்காங் எங்கல்மானோடு சேர்ந்து பழ ஈக்கள் கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவரும் நேரத்தை ஆராய்ந்தார். இந்த ஈக்கள் பெரும்பாலும் விடியலை ஒட்டியே வெளிவரும். தொடர் இருட்டில் இருக்கும் ஈக்களுக்குச் சற்று நேரம் வெளிச்சம் காட்டினால் அந்த நேரம் நகர்ந்துவிடும். அவற்றின் உள்கடிகாரப்படி முன்னிரவில் பட்ட ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும், பின்னிரவில் பட்டது முன்னுக்கு இழுக்கும். ஒளி எவ்வளவு என்பதோடு எந்த நேரத்தில் படுகிறது என்பதும் முக்கியம். இந்த விதி மனிதர் உட்பட ஏராளமான உயிரினங்களுக்குப் பொருந்தும்.

1970களின் நடுவில் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து விலங்கு நடத்தைக்கான துறையை உருவாக்கினார். அங்கே கிடைத்த ஆய்வுக்களம் எந்தப் பணக்கார நாட்டு ஆய்வகத்திலும் இல்லாதது: இலைமூக்கு வௌவால்கள் வாழும் மலைக்குகை. அதன் உட்பகுதியில் இரவும் பகலும் ஒரே இருட்டு. வெப்பமும் ஈரமும் அநேகமாக மாறுவதில்லை. ஆனாலும் அந்தி சாய்ந்ததும் கூட்டம் தவறாமல் இரை தேடப் புறப்படும். ஒளியே படாத ஆழத்தில் கிடக்கும் வௌவாலுக்குப் பொழுது எப்படித் தெரிகிறது?

மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் சந்திரசேகரன் செய்த சோதனை அழகானது, செலவும் இல்லாதது. ஒற்றை வௌவாலைக் கூண்டில் அடைத்து, அசைவைப் பதியும் கருவியோடு குகைக்குள் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் வாழ்ந்தபோது, வெளியே போக முடியாத அந்த வௌவாலும் மற்றவை புறப்படும் நேரத்திலேயே சிறகடித்தது. வௌவால்களே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் நின்றுவிடவில்லை. ஆனால் 24 மணி நேரத்திலிருந்து விலகி நாளுக்கு நாள் தன்போக்கில் நகர்ந்தது. சக வௌவால்களின் நடமாட்டமே அதற்குப் பொழுதைச் சொல்லியிருக்கிறது. முதல் முடிவுகள் 1978இலும் விரிவான கட்டுரை 1981இலும் வெளிவந்தன. இந்த வௌவால்களின் நடமாட்டம் வேறொரு குடும்பத்து வௌவாலின் கடிகாரத்தைத் திருத்தவில்லை என்று 1983இல் தெரியவந்தது. எந்த வௌவால் நடமாடினாலும் அது பொழுது காட்டும் சமிக்ஞை ஆகிவிடாது. இதற்கிடையே 1979இல் சந்திரசேகரனுக்கு அறிவியலுக்கான பட்நாகர் விருது கிடைத்தது.

அதே மதுரையில் மனிதர்களுக்கும் ஒரு தனிமை அறை அமைந்தது. கடிகாரம், வானொலி, ஜன்னல் எதுவுமின்றித் தன்னார்வலர்கள் அதில் நாள்கணக்கில் தங்கினர். அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, அவரது உறக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைக்கப்பட்டதல்ல என்று 1991இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. உடலின் எல்லாச் சுழற்சிகளும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. பின்னாளில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் பணியாற்றிய சந்திரசேகரன் 2009இல் காலமானார். இதே துறையில், பழ ஈயின் கடிகார மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் இயக்கத்தை விளக்கியதற்காக மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2017இல்.

இந்த ஆய்வுகள் சென்று சேர வேண்டிய இடங்களில், ஆலைகள் இரவு பகலாக இயங்கும், சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பகுதியும் ஒன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் ஷிப்டு நேரம் நாளின் ஒழுங்கானது. பெண்கள் இரவில் ஆலை வேலை செய்வதைத் தடுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. நியாயமான தீர்ப்புதான்; ஆனால் இரவு வேலையின் பாரம் இருபாலருக்கும் பொதுவானது. அந்தப் பாரத்தைக் குறைக்கச் சட்டம் மட்டும் போதாது.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் தொழிலாளியின் கண்ணில் காலை வெயில் படுகிறது. பழ ஈயில் கண்ட விதி இங்கேயும் வேலை செய்கிறது: அந்த வெயில் அவரது உள்கடிகாரத்தைப் பகல் பொழுதிலேயே பிடித்து நிறுத்துகிறது. அறைக்குப் போய்ப் படுத்தால் உடல் விழித்திருக்கச் சொல்கிறது, தெருவும் விழித்திருக்கிறது. உடல் இரவுக்குப் பழகத் தொடங்கும்போது வாரம் முடிந்து ஷிப்டு மாறிவிடுகிறது. உடலின் நாளொழுங்கைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறு ஆய்வுக்குப் பிறகும் இரவு வேலையை அதே வகையில் வைத்தது.

தீர்வின் ஒரு பகுதி நாற்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்ததுதான். மனித உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளமானது; அதனால் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் ஆலையில் ஷிப்டுகளைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில், வாரத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். தொழிலாளர் நலமும் உற்பத்தியும் மேம்பட்டன என்று சைஸ்லர் என்ற ஆய்வாளரின் குழு 1982இல் பதிவு செய்தது. ஒரகடத்தில் ஷிப்டு அட்டவணை போடுபவர்கள் இந்த வரிசையைக் கடைப்பிடிக்கப் புதிய இயந்திரமோ பெரிய முதலீடோ தேவையில்லை. அவர்கள் இதைச் செய்ய வேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும்.