தடித்து, ஒடுங்கி, சாய்ந்த தமிழெழுத்து: தீவகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். அந்த ஆணைப்படி, பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். யானையோ குதிரையோ ஏற்றிவந்த கலம் சேதமுற்றால் நாலில் ஒரு பங்கும், மற்றச் சரக்கு ஏற்றியதானால் பாதியும் அரச பண்டாரத்துக்குச் சேரும். துறைமுகத்துக்கு வருவோர் எல்லோரும் அறியவேண்டிய அறிவிப்பு இது. ஆயினும், ஒரு சொல்லை மட்டும் பருமனாக்கியோ சாய்த்தோ கண்ணை இழுக்கும் வழக்கம் நம் கல்வெட்டுகளில் பொதுவாக இல்லை. பனையோலையிலும் அதற்கு இடமிருக்கவில்லை. எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே தடிப்புடையது.

எழுத்தின் தோற்றத்தாலேயே ஒன்றை உரத்துச் சொல்வது அச்சோடு வந்த பழக்கம். ஆனால் தடிப்பு, ஒடுக்கம், சாய்வு மூன்றும் தமிழுக்கு அச்சின் வழியாக மட்டும் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐரோப்பாவில் சாய்வெழுத்து இடச் சிக்கனத்தோடு பிறந்தது. வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் 1501இல் சிறிய கையடக்க நூல்களை வெளியிட்டார். அக்காலத்துக் கையெழுத்தின் நெருக்கமும் சாய்வுமே அதற்கு மூலம். தமிழ் அச்சின் தொடக்கம் வேறு. கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. அம்பலக்காட்டில் 1679இல் வெளிவந்த புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதிக்கு இக்னேஷியஸ் ஐச்சாமணி மரத்தில் எழுத்து வெட்டினார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்த அகராதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பித்தவர், ஊர்காவற்றுறை கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள். தமிழ் அச்சின் பிள்ளைப்பருவத்தை நாம் இன்று கண்ணால் காண முடிவதில் தீவகத்துக்கு இப்படியொரு பங்கு உண்டு. இதைப் போதிய அளவு நாம் பேசவில்லை.

தரங்கம்பாடிக்கு ஹாலே நகரிலிருந்து 1713இல் வந்த எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பொறையாறில் சிறிய எழுத்து வார்த்தார்கள். இடம் போதாதபோது தமிழ் அச்சு எழுத்தை ஒடுக்கவில்லை, அளவில் சிறிதாக்கியது. யாழ்ப்பாணத்தில் 1834இல் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க மிசன் அச்சுக்கூடமும், 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’யும் இந்த மரபின் தொடர்ச்சியே. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் தலைப்புக்கு அழுத்தம் தரப் பெரும்பாலும் எழுத்தின் அளவையே கூட்டினார்கள்.

சாய்வு வந்தது தூரிகையின் வழியாக. படகின் அணியம், அதாவது முன்பகுதி, மேலெழுந்து முன்தள்ளி நிற்பது. அதில் பெயர் எழுதுபவர் அந்தக் கோட்டோடு ஒத்துப்போகும்படி எழுத்தையும் சாய்ப்பார். இடம் குறைந்தால் நெருக்குவார். தூரத்திலிருந்து தெரியவேண்டித் தடிப்பாக்குவார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவர், வரும் படகு நெடுந்தீவுக்கா நயினாதீவுக்கா என்று பார்த்த மாத்திரத்தில் அறியவேண்டும். கையால் எழுதுபவர் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே திருத்திக்கொள்வதால் இது சிக்கலின்றி நடந்தது.

சிக்கல் கணினியோடு தொடங்கியது. லத்தீன் எழுத்தில் அதற்கு முன்பே முறையான வழி இருந்தது: எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ருட்டிகர் 1957இல் வெளியிட்ட யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தடித்து ஒடுங்கிய வடிவத்துக்கு 67 என்றும், அதன் சாய்வுக்கு 68 என்றும் எண் உண்டு. இரண்டும் தனித்தனியே வரையப்பட்டவை. தமிழிலோ, ‘பாமினி’ போன்ற கணினி எழுத்துருக்களை எடுத்து, மென்பொருளின் பொத்தானை அழுத்திப் பக்கவாட்டில் நசுக்கிச் சாய்ப்பதே வழக்கமாயிற்று. விளைவைப் பாருங்கள். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சுழி. தடிப்பு ஏறி அகலம் குறைந்தால் அந்தச் சுழியின் உள்வெளி அடைபடுகிறது. கொம்பின் தலைச்சுழி அடைபட்டால் ‘கெ’யும் ‘கே’யும் ஒன்றாகின்றன. ‘ர’வின் கால் ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்தது, எழுத்தை வலப்பக்கம் சாய்க்கும்போது அது மேலும் நீண்டு முந்திய எழுத்தில் இடிக்கிறது.

மும்மொழிப் பெயர்ப்பலகையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் (Kayts) ஒடுங்கிய ஐந்து எழுத்துப் போதும். தமிழில் ஏழு எழுத்து, அவற்றிலும் ‘ஊ’வும் ‘றை’யும் அகலமானவை. ஒரே நீளத்துக்குள் இரண்டையும் அடைக்கும்போது நசுங்குவது தமிழே.

மாற்றுவழி இருக்கிறது என்பதை அண்மைய வடிவமைப்புகள் காட்டுகின்றன. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ எழுத்துரு, தமிழ்க் கையெழுத்தின் சாய்விலிருந்தே பிறந்தது. ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர் 2022இல் வெளியிட்ட ‘அனேக் தமிழ்’, தடிப்பையும் அகலத்தையும் படிப்படியாக மாற்ற இடம் தருகிறது. ஒடுங்கிய நிலையிலும் சுழிகள் திறந்தே இருக்கின்றன. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

என் முடிபு இது: தடித்து ஒடுங்கிச் சாய்ந்த எழுத்து, கடைப் பலகைக்கும் விளையாட்டுக் கழகப் பதாகைக்கும் படகின் பெயருக்கும் உரியது. ஊர்ப்பெயர்ப் பலகைக்கும், படகு நேர அட்டவணைக்கும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்துக்கும் அது ஆகாது. அங்கெல்லாம் பெயர் பிழையின்றி வாசிக்கப்பட வேண்டும். தீவகத்தின் பிரதேச சபைகளும் பதிப்பகத்தாரும் அடுத்த பலகைக்குக் கட்டளை கொடுக்குமுன், ‘ண’வின் மூன்று சுழியும் பத்தடி தூரத்தில் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.