முகவரியும் குடியுரிமையும்

பெயரொடு ஊரைச் சேர்த்து வழங்குதல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் மரபாகும். சங்கப் புலவருள் ஒருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் எனப் பெற்றார். ஊரும் சேரியும் பெயரிலேயே அமைந்துவிட்டமையால் அவருக்கு வேறு முகவரி வேண்டுவதில்லை. ஆயின், பிறந்த ஊரை நீங்கிக் கடல் கடந்தவன் தன் பெயரொடு எவ்வூரைச் சேர்த்து எழுதுவான்? மலாயாத் தமிழர் வரலாற்றில் இவ்வினா பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வையே முடிவு செய்வதாயிற்று.

கங்காணியொடு கப்பலேறி வந்தோர்க்குத் தோட்டமே இருப்பிடம். எனினும், “உன் ஊர் யாது?” என்று வினவினால், தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ விட்டுவந்த சிற்றூரையே அவர்கள் கூறினர். 1938-ஆம் ஆண்டில், உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. பின்னர்ப் போரும் மூண்டது. போக்குவரவு குன்றவே, இந்நாட்டிலேயே வேரூன்றியோர் தொகை பெருகிற்று.

1948 ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, 12 வயது நிறைந்த அனைவரும் தம்மைப் பதிந்துகொள்ளல் வேண்டும் என்ற ஆணை பிறந்தது. புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட தாள் அட்டை ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டது. நாம் இன்று ‘ஐ.சி.’ என்று வழங்கும் அடையாள அட்டையின் தோற்றம் இதுவே. யார், எங்கு வாழ்கிறார் என்பதை அரசு அறிதலே இதன் நோக்கம். இதனைக் கம்யூனிஸ்டுகளும் நன்கு உணர்ந்தனர். பேருந்துகளை மறித்துப் பயணிகளின் அட்டைகளைப் பறித்து அழித்தனர். 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத்து லயங்களும் பல இடங்களில் ஒருங்கு சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன.

ஆனால், கண்காணிப்பதற்காகத் தோன்றிய பதிவு விரைவில் வேறொரு பயனையும் தந்தது. 1957-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், விடுதலை நாளில் இங்கு வாழ்ந்த வெளிநாட்டுப் பிறப்பினர், விண்ணப்பத்திற்கு முந்திய 12 ஆண்டுகளுள் 8 ஆண்டுகளேனும் இந்நாட்டில் வாழ்ந்திருந்தால் குடியுரிமை கோரலாம் என்றது. நன்னடத்தை, மலாய்மொழி அறிவு முதலியனவும் வேண்டப்பட்டன. வாழ்ந்த ஆண்டுகளை வாய்ச்சொல்லால் மட்டும் நாட்டவியலாது, தாளும் வேண்டும். பகைவரைப் பிரித்தறியப் பிறந்த அட்டை, ஏழைத் தொழிலாளி தன் உரிமையை நாட்டும் சான்றுகளுள் ஒன்றாயிற்று. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழர் அனைவரும் குடிமக்களாகப் பதிந்துகொள்ளுமாறு இடையறாது வற்புறுத்தினார்.

இவ்வாய்ப்பைத் தவறவிட்டோர் பலர். சிலர் எழுத்தறியாதவர், சிலர், “என்றேனும் ஊர் திரும்புவோம்” என்றிருந்தவர். மலேசியாவில் 1968-இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது இதன் விளைவு வெளிப்பட்டது. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவரும் அயலாராயினர். பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

பதிந்தோர் நிலையிலும் ஒரு குறை இருந்தது. தோட்டத் தொழிலாளியின் முகவரி அவனுடையதன்று, தோட்டத்துக்குரியது. வேலை போனால் லயத்து வீடும் போகும். 1950-களில் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இவ்வுண்மை புலனாயிற்று. இதனைத் தடுக்கவே 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் ஊதியத்தில் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். அவர்கள் வாங்கியது இரப்பர் மரங்களை மட்டுமா? தாம் வாழ்ந்த முகவரியையும் அன்றோ!

பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. அவற்றின் பெயர்கள் பழைய அட்டைகளிலும் பிறப்புப் பத்திரங்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. தக்க ஆவணமின்றி இன்றும் குடியுரிமைக்கு அலையும் குடும்பங்கள் மலேசியத் தமிழரிடையே உண்டு. ஆதலின் பழைய தாள்களைக் குப்பையென எறிதல் பெரும் பிழையாகும். சிங்கப்பூரில் வீடு மாறுவோர் 28 நாளுக்குள் புதிய முகவரியைத் தெரிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அது பலர்க்கு ஒரு சிறு தொல்லையாகத் தோன்றலாம்; நம் முன்னோர்க்கோ அத்தகைய ஒரு வரி, வாழ்வுரிமையாக இருந்தது. தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம், பாட்டன் பாட்டியரின் அட்டைகளில் உள்ள தோட்டப் பெயர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்வார்களாயின், எழுதப்படாத நம் வரலாற்றின் ஒரு பகுதி அவ்வேடுகளில் நிலைபெறும்.