டெண்டரும் சுரங்கமும் கோர்ட்டும்

ஜார்க்கண்டில் வேலை பார்ப்பதால் ஊரிலிருந்து போன் வந்தால் கேட்பார்கள்: "சுரங்கத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அரசாங்கத்தின் முடிவு, அதில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதாங்க.

பதில் 1994-ல் இருக்கிறது. செல்போன் உரிம டெண்டர் பற்றிய டாடா செல்லுலார் வழக்கு. முடிவு சரியா என்று மேல்முறையீடு போலப் பார்க்க மாட்டோம், முடிவெடுத்த விதம் முறையா என்று மட்டுமே பார்ப்போம் என்றது உச்ச நீதிமன்றம்.

20 வருடம் கழித்து அதே அளவுகோல் நிலக்கரிக்கு வந்தது. 1993 முதல் போட்டியே இல்லாமல், தேர்வுக் குழு மூலமும் அரசு நேரடியாகவும் ஒதுக்கிய சுரங்கங்கள். தெளிவான விதிமுறை இல்லை. 2014 ஆகஸ்ட் 25-ல் அவை சட்டவிரோதம் என்று தீர்ப்பு. செப்டம்பர் 24-ல் 218-ல் 214 ரத்து. வெட்டி எடுத்த கரிக்கு டன்னுக்கு 295 ரூபாய் கட்டச் சொன்னார்கள்.

ஏலம்தான் ஒரே வழி என்று கோர்ட் சொல்லவில்லை. இயற்கை வளம் எல்லாவற்றுக்கும் ஏலம் கட்டாயமில்லை என்று 2012-லேயே சொல்லியாச்சு. எந்த வழியானாலும் அது நேர்மையாக, எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

கோடிக்கணக்கில் முதலீடு செய்துவிட்டோம் என்ற வாதமும் எடுபடவில்லை. இயங்கிய சுரங்கங்களுக்குக் கிடைத்தது 2015 மார்ச் 31 வரை அவகாசம், அவ்வளவுதான். பூமிக்கடியில் இருப்பது நம் எல்லோருடைய சொத்து. அதைக் கொடுக்கும்போது ஏன், எப்படி என்று கேட்க ஒரு இடம் வேண்டுமில்லையா?