கீழாநெல்லிக்குப் பிறகு

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், நெல் வரப்பு இருக்கும் இடத்தில் கீழாநெல்லியும் இருந்தது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை யாரும் விதைக்காத செடி. கண் மஞ்சளானால் வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம் வேறு. சில வாரங்களில் மஞ்சள் இறங்கியது, செடிக்குப் பேர் வந்தது. அந்தப் பேரில் பாதி இரவல்தான். ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை, பெரும்பாலோருக்கு மருந்தில்லாமலே இறங்கிவிடும். ஆனால் அதன் பெயரைப் பங்கிட்டுக்கொண்ட இன்னொரு கிருமி இருந்தது. அது பல பேருக்குக் கண்ணில் மஞ்சளே காட்டாமல், வருடக்கணக்கில் ஈரலுக்குள் குடியிருந்தது.

அதைப் பிடித்தவர் அதைத் தேடிப் போனவரே அல்ல. அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பர்க், மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1960-களில், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஒரு புரதம், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா நோயாளியின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அதற்குப் பெயர் வைத்தார். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைதான் அது என்பது பிறகுதான் விளங்கியது. 1976-ல் நோபல் பரிசு வந்தது, பின்னாலேயே தடுப்பூசியும் வந்தது. ஏற்கெனவே வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கோ தடுப்பூசியால் பயனில்லை. அவர்களுக்கு மருந்து தேடிய பிளம்பர்க், நம்மூர் வரப்புச் செடியிடம் வந்து நின்றார்.

பிலடெல்பியாவில் அவரோடு வேலை பார்த்த வெங்கடேஸ்வரன், இதே வகை வைரஸ் பிடித்த உட்சக் என்ற கொறிக்கும் பிராணிகளுக்குக் கீழாநெல்லிச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். வைரஸ் குறைந்தது என்ற முடிவு 1987-ல் வெளியானது. அடுத்த வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதியது. 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கண்டம் விட்டுக் கண்டம் மற்றவர்களும் அதைச் செய்து பார்க்கக் கிளம்பினார்கள்.

தாய்லாந்தில் பலிக்கவில்லை. நெதர்லாந்திலும், நியூசிலாந்திலும் பலிக்கவில்லை. கீழாநெல்லியின் சர்வதேசப் பயணம் சில வருடங்களில் முடங்கியது. விடை வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பிளம்பர்க் நோபல் வாங்கிய அதே 1976-ல், ஜெர்மனியின் கோட்டிங்கனில் நடந்த ஒரு கருத்தரங்கில் இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பிராக் நகர வேதியியலாளர் அன்டோனின் ஹோலி. மற்றவர் பெல்ஜியத்தின் லூவன் நகர வைரஸ் நிபுணர் எரிக் டி கிளர்க். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் ஹோலி மூலக்கூறுகளைச் செய்தார், இந்தப் பக்கம் டி கிளர்க் அவற்றை வைரஸ்கள்மேல் ஏவிப் பார்த்தார். வைரஸ்கள் அடங்கின. தொல்லை வயிற்றில் இருந்தது. வாய்வழி கொடுத்தால் குடல் அந்த மூலக்கூறுகளைச் சரியாக உள்ளே விடவில்லை.

கிலியட் நிறுவனம் அவற்றுக்கு ஒரு வேதி முகமூடி மாட்டியது. முகமூடியோடு முதலில் வந்த அடிஃபோவிர், எச்.ஐ.வி.க்குத் தேவையான அளவில் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 1999-ல் தோற்றது. அளவை 10 மில்லிகிராமுக்குக் குறைத்ததும் அதுவே ஹெபடைடிஸ் பி மருந்தாகி, 2002-ல் அனுமதி பெற்றது. அதன் தம்பி மூலக்கூறு 2001-லேயே எச்.ஐ.வி. மாத்திரையாகக் கடைக்கு வந்துவிட்டது. ஈரலுக்கு அனுமதி கிடைத்தது 2008-ல். தழும்பு விழுந்த ஈரலைத் தம்பி மீட்டுவிடும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

காரணம், ஒரு பழைய நம்பிக்கை. ஈரல் காயப்படும்போதெல்லாம் அதிலுள்ள ஸ்டெல்லேட் செல்கள் கொலாஜன் நாரைச் சுரந்து தழும்பாக்கும். அதுதான் ஃபைப்ரோசிஸ். முற்றினால் சிரோசிஸ். அங்கிருந்து திரும்பும் பாதை இல்லை என்றே மருத்துவக் கல்லூரிகள் சொல்லிக்கொடுத்தன. மெக்ஸிகோவின் ரூய் பெரெஸ் தமாயோ மட்டும் 1979-ல், 'திரும்புமோ?' என்று எழுதிக் கேட்டார். நம்பியவர்கள் குறைவு.

2013-ல் 'லான்செட்' மறுபடியும் பேசியது. ஐந்து வருட ஆய்வில் அந்தத் தம்பி மாத்திரையைச் சாப்பிட்ட 348 பேரின் ஈரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், 176 பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு இப்போது சிரோசிஸ் இல்லை!

அந்த மாத்திரைதான் டெனோஃபோவிர். தழும்பை அது நேராகக் கரைக்கவில்லை. வைரஸை அது அடக்கி வைக்க, ஈரல் தன் தழும்பைத் தானே அரித்துக்கொண்டது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு அதை இலவசமாகத் தருகிறது. வைரஸை வேரறுக்காது என்பதால், பெரும்பாலோர் வருடக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. குடியால் விழுந்த தழும்புக்கு அது உதவாது. அதற்கு இன்றுவரை, குடியை நிறுத்துவதற்கு ஈடான மாத்திரை பிறக்கவில்லை.