பொம்மை பார்த்த தையலறை

1846இல் லண்டனில் ‘ஒரு லண்டன் பொம்மையின் நினைவுகள்’ என்ற சிறுவர் நூல் வெளிவந்தது. பதிப்பித்தவர் ‘திருமதி ஃபேர்ஸ்டார்’ என்று போட்டிருந்தது. அப்படி ஒரு பெண் இல்லை. எழுதியவர் ரிச்சர்ட் ஹென்றி ஹார்ன். பெண்கள் ஆண் பெயரில் எழுதிய காலம் அது என்றே படித்திருக்கிறோம். சிறுமிகளிடம் பேச இந்த ஆணுக்குப் பெண் பெயர் தேவைப்பட்டிருக்கிறது!

ஹார்ன் வெறும் கதைசொல்லி அல்ல. குழந்தைகளின் உழைப்பை விசாரித்த அரசு ஆணையத்துக்காக 1841இல் இரும்புப் பட்டறை ஊர்களுக்குப் போய் வாக்குமூலம் வாங்கியவர். அந்த அறிக்கையின் தாக்கத்தில்தான் எலிசபெத் பாரெட் 1843இல் ‘குழந்தைகளின் அழுகை’ கவிதையை எழுதினார். அதே ஆணையம் லண்டன் தையற்கடைகளையும் விசாரித்தது. சீசன் நாட்களில் இளம்பெண்கள் 18 மணி நேரம்வரை ஊசி பிடித்தார்கள் என்று பதிவுசெய்தது.

அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனது. பொம்மையோ வசதியான வீட்டுச் சிறுமியின் மடிக்குப் போனது. கதையில் எல்லன் என்ற சிறுமி அத்தையின் தையற்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். விடிந்தது முதல் இரவு வரை அடுத்தவர் உடைகள். தூக்கத்தில் திருடிய நேரத்தில் தோழியோடு சேர்ந்து பொம்மைக்கு ஓர் உடை. ஊசி ஒன்றுதான், விரலும் அதேதான். ஒன்று அவளை நோயில் தள்ளுகிறது, மற்றது அவளுக்கே உரியது. உழைப்பு என்றால் என்ன என்பதை எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பொம்மை எல்லாவற்றையும் பார்க்கிறது, எதையும் தடுக்க முடிவதில்லை. யார் வீட்டுக்குப் போவது என்பதும் அதன் கையில் இல்லை. அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது பழக்கமான நிலைதான்.

1929இல் ரேச்சல் ஃபீல்ட் எழுதிய ‘ஹிட்டி’ இந்த வழியில் வந்த அமெரிக்க நூல். 1930இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். மேய்ன் மாநிலத்தில் செதுக்கப்பட்ட மரப்பொம்மை நூறாண்டு அமெரிக்க வாழ்வைக் கடக்கிறது. நடுவில் பம்பாய்க்கும் வருகிறது. அங்கே அதை எடுத்துக்கொள்பவர், வேறு யார், பாம்பாட்டிதான். பிறகு ஒரு மிஷனரித் தம்பதி மகளுக்காக வாங்கிச் செல்கிறார்கள். அமெரிக்கச் சிறுமிகளுக்குப் பெயரும் குணமும் பிடிவாதமும் உண்டு. நினைவில் நிற்கும்படி ஒரு பம்பாய்ச் சிறுமிகூட இல்லை. 1999இல் ரோஸ்மேரி வெல்ஸ் இக்கதையைச் சுருக்கி, மாற்றி எழுதினார். நம் மாணவிகள் முதலில் 1929 பிரதியைப் படிக்கட்டும்.